மிக்ஸ்சர் போத்தல்

நம்ம பழைய கிளாஸ் மானிட்டர் போன வாரம் என்னைத் தனியாக் கூப்பிட்டாரு. ஞாயித்துக்கிழமை ஈப்போவுல டீச்சருக்கு எடுக்கிற விழாவுல வாசிக்க ரெண்டு பக்கம் வேணுமாம். ஒனக்குத்தான் பழசெல்லாம் ஞாபகம் இருக்கு, அந்த அட்டை விளையாட்டப் பத்தி எழுது, கொஞ்சம் சிரிப்பா எழுதுன்னாரு. சரின்னுட்டேன். நாலு நாளா எழுதி எழுதிக் கிழிச்சேன். சிரிப்பு வரல. வந்தது இதுதான். இது மேடைக்கு இல்ல, நம்ம தோட்டத்து வாட்ஸ்அப் குரூப்புல இருக்கிற உங்களுக்கு மட்டும். கொஞ்சம் நீளம். பேரப்புள்ளைங்க கையில போனைக் குடுக்காம உக்காந்து படிங்க.

ரெண்டு வாரமா நீங்க போடுறதையெல்லாம் பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன். முந்தாநாள் யாரோ ஒருத்தர் நம்ம ஸ்கூலு சயன்ஸ் ரூம் இரும்பு அலமாரியப் படம் புடிச்சுப் போட்டீங்க. பழைய சாமான் லாரியில ஏத்துறாங்களாம். அதுக்குக் கீழ வரிசையா சிரிக்கிற மூஞ்சி. "நம்ம எலுமிச்சங்கா இன்னும் உள்ள இருக்கும்"னு ஒருத்தர். "எங்க சோப்பு"ன்னு இன்னொருத்தர். விழாவுல அட்டையெல்லாம் வெட்டி ஒளிச்சு வச்சு அதே விளையாட்ட டீச்சர் முன்னால மறுபடியும் விளையாடலாம்னு முடிவு வேற. நான் ஒண்ணுமே போடல. காய்ச்சலான்னு கேட்டீங்க. காய்ச்சல் இல்ல.

அந்த வகுப்புல ரப்பர் தோட்டத்துப் புள்ளைங்க நாம ஏழு பேரு. மூணாம் படிவம், எஸ்.ஆர்.பி. பரீட்சை வருஷம். மத்தவங்கல்லாம் டவுனுப் புள்ளைங்க, சீனவங்க, மலாய்க்காரங்க, கொஞ்சம் நம்மாளுங்க. நாம ஏழு பேரும் ஒரே பஸ்ஸுல வந்து ஒரே மூலையில உக்காருவோம். நம்ம சட்டையில ஒட்டுப்பால் நாத்தம் அடிக்குதுன்னு டவுனுப் புள்ளைங்க ஜன்னல் பக்கம் நகந்துக்குவாங்க. அடிச்சது நெசந்தான். ரப்பர் ஷீட்டு காயுற பொகைக்குப் பக்கத்துலயே துணி காய்ஞ்சா வேற என்ன அடிக்கும்? நாம வாயத் தொறக்கவே கூசுவோம். மலாய்ல பதில் சொல்லி ஒரு வார்த்தை தப்பாயிட்டா அன்னிக்கு முழுக்க சிரிப்பு. அதனால தெரிஞ்சதையும் தெரியாத மாதிரியே இருந்து பழகிட்டோம். இத ஞாபகம் வச்சுக்குங்க, பின்னால வேணும்.

டீச்சர் ஈப்போக்காரங்க, யாழ்ப்பாணத்து வம்சம். அப்பா ரயில்வே ஆபீசுல பெரிய கிராணியா கணக்கு எழுதினவராம். வெள்ளை கைத்தறிச் சேலை, கழுத்துல மூக்குக்கண்ணாடிச் செயின், சின்ன நீலக் காரு. பாடம் மலாய்ல நடத்துவாங்க. நம்ம மூலைக்கு வந்து குனிஞ்சு மட்டும் தமிழ்ல பேசுவாங்க. அந்தத் தமிழ் நமக்கு அழகாவும் இருக்கும், பாதி புரியாமலும் இருக்கும். முதல் வாரமே "பிள்ளை, திறப்பைக் கொண்டு வாரும்"னாங்க. நம்ம ஆளு ஒருத்தன் ஓடிப்போய் ஜன்னலத் தொறந்து வச்சான். டீச்சருக்கு ஒண்ணும் வெளங்கல. சாவியத்தான் திறப்புங்கிறாங்கன்னு நமக்குத் தெரிய ஒரு மாசம் ஆச்சு. இதையெல்லாம் மேடையில சொல்லுங்க, நல்லா சிரிப்பாங்க.

இப்ப அவளப் பத்திச் சொல்றேன். என் பக்கத்து வீட்டுக்காரி. லயத்துல எங்க வீட்டுக்கும் அவ வீட்டுக்கும் நடுவுல ஒரு பலகைச் சுவருதான். அவங்க அம்மா இருமினா எங்க வீட்டுக் கரண்டி ஆடும். அவங்க அம்மாவ நான் அத்தைன்னு கூப்பிடுவேன். அத்தைக்கு மருந்தடிக்கிற வேலை. தீம்பாருல ரப்பர் மரத்துக்கு நடுவுல மொளைக்கிற புல்லு சாக முதுகுல பம்பு கட்டிக்கிட்டு அடிப்பாங்களே, அது. கையுறை கெடையாது, ஒண்ணும் கெடையாது, மூக்குல ஒரு துண்டு. சாயங்காலம் வந்தா சேலையில ஒரு மாதிரி இனிச்ச நாத்தம் வீசும். நகமெல்லாம் மஞ்சளாகி அடியில வெடிச்சிருக்கும். அப்பப்போ மூக்குல ரத்தம் வரும். தோட்டத்து ஆஸ்பத்திரி டிரெசர்கிட்ட போனா, அதே பழுப்பு போத்தல்ல அதே மிக்ஸ்சரத்தான் ஊத்திக் குடுப்பாரு. வயித்து வலிக்கும் அது, காய்ச்சலுக்கும் அது, மூக்கு ரத்தத்துக்கும் அது. போத்தல் ஓரத்துல வெள்ளைத் தாள வெட்டி வெட்டி ஒட்டியிருக்கும், ஒரு வேளைக்கு ஒரு வெட்டு. உங்க வீட்டுலயும் இருந்திருக்கும்.

அவங்க அப்பா தெலுக் இந்தான் பக்கம் செம்பனைத் தோட்டத்துக்கு வேலைக்குப் போனவரு, அங்கயே வேற குடும்பம் ஆயிட்டாரு. அந்த வருஷம் ஒரு ஞாயித்துக்கிழமை வந்தாரு. வீட்டுல பசியாறினாரு. தையல் மிஷினத் தூக்கி வேன்ல வச்சாரு. இனிமே வரமாட்டேன்னு எல்லாருக்கும் கேக்கிற மாதிரி சொல்லிட்டுப் போனாரு. அத்தை அழுவல. தையல் மிஷின் இருந்த எடத்தக் கூட்டித் தண்ணி தெளிச்சாங்க, அவ்வளவுதான். அதுக்கப்புறம் அத்தை யாரோடயும் சண்டை போடுறதில்ல. கொழாயடியில எடத்த விட்டுக் குடுத்துடுவாங்க. எங்கம்மா ஒருநாள், "மூக்குல மறுபடி ரத்தம் வருதே, மருந்து எடுத்துட்டு வரலியா"ன்னு கேட்டாங்க. அத்தை சொன்னாங்க: "மருந்து வீட்டுலயே இருக்குக்கா."

எங்கம்மா நல்லதுன்னு தலையாட்டிட்டு அரிசி களைய ஆரம்பிச்சாங்க. பின்னால நின்னுக்கிட்டிருந்த அவ மூஞ்சி செத்துப்போச்சு. அத நான் பாத்தேன்.

நமக்குச் சொல்ல வேண்டியதில்ல, டவுனுல பொறந்த உங்க மருமகளுக்குத்தான் சொல்லணும். தோட்டத்துல மருந்துன்னா ரெண்டு. ஒண்ணு டிரெசர் குடுக்கிறது. இன்னொன்னு ஸ்டோருல பூட்டி வச்சிருக்கிற புல்லு மருந்து. ரெண்டுக்கும் ஒரே பேருதான். எந்த மருந்துன்னு யாரும் கேக்க மாட்டாங்க. சொல்றவங்க மூஞ்சியப் பாத்து நாமளே புரிஞ்சுக்குவோம். "அவ மருந்து குடிச்சிட்டா"ன்னு யாராச்சும் ஓடி வந்தா சட்டியக் கூட எறக்காம ஓடுவோம்.

அதுக்கு ஒரு வாரம் கழிச்சு, அவங்க குசினிக்குப் பின்னால ஒரு பாய் அளவுக்குப் புல்லு மஞ்சளாகிக் கருகிச்சு. வேலை மேய்க்கிற மண்டோர் வந்து எட்டி எட்டிப் பாத்தாரு. ஸ்டோரு மருந்து இங்க எப்படி வந்துச்சுன்னு கேட்டாரு. பம்பு கழுவுனதுன்னு அத்தை சொன்னாங்க. மண்டோர் நம்பல. அத்தைய மருந்தடிக்கிற வேலையில இருந்து எடுத்துட்டு, கையால புல்லு புடுங்குற கூட்டத்துல போட்டாரு. அன்னிக்கு ராத்திரி பலகைச் சுவருக்கு அந்தப் பக்கம் அவளுக்கு அடி விழுந்துச்சு. எதுக்குன்னு எனக்குத் தெரியல. பரீட்சை நேரத்துல படிக்க விடமாட்டேங்கிறாங்களேன்னு எனக்கு எரிச்சல்தான் வந்துச்சு.

சரி, விளையாட்டுக்கு வரேன். ஒரு வெள்ளிக்கிழமை டீச்சர் பிஸ்கெட் பெட்டி அட்டைய வெட்டி, ஒவ்வொண்ணுலயும் மலாய்ல ஒரு விடுகதை எழுதி, வகுப்பு பூரா ஒளிச்சு வச்சிட்டாங்க. ஒண்ணக் கண்டுபுடிச்சா அது அடுத்ததக் காட்டும். கறுப்பா இருப்பேன், எரிவேன், எழுதுவேன்னு ஒரு அட்டை. பென்சிலுக்குள்ள இருக்கிற கார்பன். பெஞ்சுக்கு அடியில, கொடிக்கம்பு நிக்கிற தொட்டிக்குள்ள, டஸ்டருக்குப் பின்னால. அந்த ஒரு நாள் நாம சத்தம் போட்டோம், ஞாபகம் இருக்கா? ஜன்னல் பக்கம் நகர்ற புள்ளைங்ககூட நம்மோட மோதிக்கிட்டு ஓடுச்சுங்க. நாள் பூரா மழை. சயன்ஸ் ரூம் முழுக்க ஈரச் சப்பாத்து வாடை. ரெண்டு ரெண்டு பேரா சேத்துவிட்டாங்க. எனக்கு ஜோடி அவ. அன்னிக்கு அவ சிரிச்சா.

கடைசி அட்டை வீட்டுக்கு. அஞ்சு பொருள் கொண்டு வரணும்: அமிலம், காரம், உப்பு, உலோகம், கலவை. ஒவ்வொண்ணுலயும் பேரு எழுதி ஒட்டணும். பொருளுக்கு ஒரு புள்ளி. ஜெயிக்கிற ஜோடிக்கு ஆளுக்கொரு ஜியோமெட்ரி பெட்டி, மூடியில கப்பல் படம் போட்டது. எங்கிட்ட இருந்தது அண்ணனோட பழைய காம்பஸ், முள்ளு ஒடைஞ்சது. அந்தப் பெட்டி மேல எனக்கு வெறி. கொண்டு வர்ற பொருளையெல்லாம் இரும்பு அலமாரியில வச்சு, பரீட்சை முடியிற வரைக்கும் பாத்துப் படிக்கலாம்னாங்க டீச்சர்.

அவ கையத் தூக்குனா. நம்ம மூலையில இருந்து ஒரு கை ஏறினத நான் அதுக்கு முன்ன பாத்ததில்ல.

"திருப்பித் தரமாட்டீங்களா டீச்சர்?"

தரமாட்டேன்னு டீச்சர் சிரிச்சாங்க.

"பூட்டிடுவீங்களா?"

"ஓம் பிள்ளை. பூட்டித் திறப்பை நான் வச்சிருப்பன்."

பஸ்ஸுல வர்றப்ப அவ எங்கிட்ட மறுபடியும் கேட்டா, அந்தச் சாவி டீச்சர்கிட்ட மட்டுந்தானே இருக்கும்னு. ஒனக்கு ஏன் அந்தக் கவலை, உப்பு எடுத்துட்டு வா, கலவைக்கு மண்ணும் தண்ணியும் கலக்கிக் கொண்டா, போதும்னேன். கலவைக்கு நான் பாத்துக்கிறேன்னா. மத்த மூணும் என் பொறுப்பு.

சனி ஞாயிறு நான் அலைஞ்ச அலைச்சல் இருக்கே! அமிலத்துக்குப் புளி வேணாம்னு, ரப்பர் பால் கடைக்காரர்கிட்ட கெஞ்சி, பால் உறைய வைக்கிற ஆசிட்டுல ரெண்டு சொட்டு கேட்டேன். வெரட்டி விட்டுட்டாரு. எலுமிச்சங்காயோட நின்னேன். காரத்துக்கு வெத்தலைச் சுண்ணாம்பு. அதுல மஞ்சளக் கலந்தா ஆரத்தி மாதிரி செவந்துச்சு. அதப் பாத்துட்டு, இதுதானே டீச்சர் சொன்ன காரப் பரிசோதனைன்னு எனக்கு ஒரே பெருமை. ஆரத்தி சுத்துற நம்ம பொம்பளைங்களுக்கு இது அப்பவே தெரியும், பேருதான் தெரியாதுன்னு எங்கம்மாகிட்ட சொன்னேன். அம்மா தலையில கொட்டுனாங்க.

திங்கக்கிழமை. அவ பையிலேருந்து நியூஸ்பேப்பர் சுத்துன ஒண்ண எடுத்து மேசையில வச்சா. பிரிச்சா பழுப்பு போத்தல். ஓரத்துல வெட்டு வெட்டாத் தாள். கார்க்கு மேல மெழுகுவத்தி உருக்கி ஊத்தியிருந்துச்சு. டிரெசர் குடுக்கிற மிக்ஸ்சருக்கு மெழுகு ஊத்துறது கெடையாது. அதப் பாத்துட்டு அவ மூஞ்சியப் பாத்தேன். அப்புறம் டீச்சர் வந்துட்டாங்க.

எலுமிச்சங்காய்க்கு டிக் போட்டாங்க. சுண்ணாம்புக்கு, உப்புக்கு, ஆணிக்கு டிக். போத்தலத் தூக்கிப் பாத்து மூஞ்சி பூரா சிரிப்பு. "கலவைக்கு மிக்ஸ்சரே! கெட்டிக்காரி." அப்புறம் வெளிச்சத்துல ஆட்டிப் பாத்தாங்க. பழுப்பு போத்தலுக்குள்ள எல்லாம் கறுப்பாத்தானே தெரியும். முக்காவாசி இருக்குன்னதும் சிரிப்பு நின்னுச்சு.

"இது ஆற்றை மருந்து?"

"அம்மாவோட மருந்து, டீச்சர்."

"அம்மாவுக்கு என்ன வருத்தம்?"

டீச்சர் ஊருல வருத்தம்னா நோய். அம்மாவுக்கு என்ன நோய்ன்னுதான் அவங்க கேட்டாங்க. இவளுக்கு அது எப்படித் தெரியும்? அம்மாவுக்கு என்ன வருத்தம்னு நம்ம தமிழ்ல இவ காதுல விழுந்துச்சு. அதுவரைக்கும் அந்தக் கேள்விய அந்த வீட்டப் பாத்து ஒரு ஆளு கேட்டதில்ல. அவ கண்ணுல தண்ணி முட்டிச்சு. அப்பா வந்து, தையல் மிஷினுன்னு என்னமோ ஆரம்பிச்சா. டவுனுப் புள்ளைங்க திரும்பிப் பாத்துச்சுங்க. வாய மூடிக்கிட்டா. பெறகு மெதுவா, உள்ள வச்சுப் பூட்டிடுங்க டீச்சர், அம்மாவுக்கு அது வேணாம்னா.

டீச்சர் மூஞ்சி மாறிடுச்சு. வருத்தக்காரிக்கு மருந்து வேண்டாமெண்டு பிள்ளை சொல்லலாமோன்னாங்க. கோபமாச் சொல்லல, வேதனையாத்தான் சொன்னாங்க. புள்ளிக்காகப் பெத்தவ மருந்தக்கூட எடுத்துட்டு வந்துட்டாளேன்னு நெனச்சிருப்பாங்க. எழுதின மார்க்க அடிச்சாங்க. அஞ்சுக்கு நாலு. போத்தல அவகிட்ட நீட்டினாங்க. அவ ரெண்டு கையையும் பின்னால கட்டிக்கிட்டா. அப்பத்தான் டீச்சர் என் பக்கம் திரும்பி, நீர் பக்கத்து வீடெல்லேன்னு கேட்டு, போத்தல என் கையில வச்சாங்க.

"நேரே அம்மாட கையில குடும். நேரத்துக்குக் குடிக்கச் சொல்லும்."

இங்கதான் உங்களையெல்லாம் கேக்கிறேன். நாம ஏழு பேரு அந்த மூலையில இருந்தோம். அவள எடுத்துட்டா ஆறு. அது எந்த மருந்துன்னு அந்த ஆறு பேருக்கும் தெரியும். மெழுக நாம பாத்தோம். கருகுன புல்ல நாம பாத்தோம். டீச்சருக்கு மருந்துன்னா ஒண்ணுதான், நமக்கு ரெண்டு. ஒருத்தர் வாயத் தொறக்கல. தொறந்தா ஸ்டோருல திருடுனது வெளிய வரும், அத்தைக்கு வேலையும் போகும் வீடும் போகும். அது ஒரு காரணம்தான். ஆனா அத யோசிச்சா இருந்தோம்? டவுனுப் புள்ளைங்க முன்னால எழுந்து நின்னு தோட்டத்து விஷயம் பேசக் கூசுச்சு. நம்ம மானிட்டர் பேனா மூடியக் கடிச்சுக்கிட்டிருந்தாரு. தப்பா எடுத்துக்காதீங்க மானிட்டர், நானும் ஒண்ணும் கிழிச்சிடல. போத்தல வாங்கிப் பையில வச்சவளே நான்தான்.

பஸ்ஸ விட்டு எறங்கி லயத்துக்கு ரெண்டு மைல் மண் சடக்கு. மத்த பேரு முன்னால போயிட்டாங்க. அவ என்கூட நடந்தா. ரப்பர் மரத்துலேருந்து மழைத்தண்ணி சொட்டிக்கிட்டே இருந்துச்சு. அந்தப் போத்தல எங்கிட்ட குடுத்துடுன்னா. நான் குடுக்கல. அப்பத்தான் எல்லாத்தையும் சொன்னா. குசினிக்குப் பின்னால கொட்டுனது அவதானாம். மிச்சம் இந்தப் போத்தல்ல, அரிசி கொட்டி வைக்கிற தோம்புக்குள்ள இருக்கிறது அப்ப அவளுக்குத் தெரியாதாம். இனிமே அம்மா ஸ்டோருக்குப் போகாது, இதுதான் கடைசி. கொட்டுனா புல்லு காட்டிக் குடுத்துடும், ஆத்துல ஊத்துனா கீழ புள்ளைங்க குளிக்குது. அந்த அலமாரிக்குள்ள போயிட்டா யாருக்கும் தெரியாதுன்னு நெனச்சேன்னா. நீயாச்சும் டீச்சர்கிட்ட சொல்லியிருக்கக் கூடாதான்னு கேட்டா.

நான் சொன்ன பதில இத்தனை வருஷத்துல யாருகிட்டயும் சொன்னதில்ல, எங்க வீட்டுக்காரர்கிட்டகூட. "ஒன்னாலதான் ஒரு புள்ளி போச்சு"ன்னேன்.

கோபம். அவ்வளவுதான் விஷயம். கப்பல் படம் போட்ட பெட்டி போச்சேன்னு கோபம். நாளைக்கு டீச்சர் கேட்டா என்ன சொல்றதுன்னு பயம் வேற. அத்தை அப்படியெல்லாம் செய்ய மாட்டாங்கன்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டேன். காலையிலதான் எனக்குத் தேத்தண்ணி குடுத்தாங்க, தலை பின்னிவிட்டாங்க, அவங்க போய்ச் சாவாங்களா? அவ என் பையப் புடிச்சு இழுத்தா. நான் புடுங்கிக்கிட்டு ஓடினேன். ஓட்டத்துல எப்பவும் நான்தான் முந்துவேன், உங்களுக்கே தெரியும்.

அத்தை வாசப்படியில உக்காந்து கால் சேத்தக் கழுவிக்கிட்டிருந்தாங்க. போத்தல நீட்டினேன். என்னையும் போத்தலையும் மாறி மாறிப் பாத்தாங்க. டீச்சர் என்ன சொன்னாங்கன்னு கேட்டாங்க. சொல்லச் சொன்னத ஒரு எழுத்து விடாம ஒப்பிச்சேன்.

"நேரத்துக்குக் குடிக்கச் சொன்னாங்க அத்தை."

அத்தை சிரிச்சாங்க. தையல் மிஷின் போனதுக்கப்புறம் அவங்க சிரிச்சு நான் பாத்தது அன்னிக்குத்தான். "அப்படியா சொன்னாங்க"ன்னாங்க. ஈரக் கையத் தொடச்சுட்டு வாங்கிக்கிட்டாங்க. உள்ள போய் எனக்கு ஒரு மேரி பிஸ்கெட் கொண்டாந்து குடுத்தாங்க. அத நான் தின்னேன்.

வியாழக்கிழமை ஸ்கூல் விட்டு வர்றப்ப லயத்துல கூட்டம். அத்தைய லாரியில டவுனு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிட்டாங்க. ஆறு நாள் இருந்தாங்க. போகணும்னு நெனச்சதெல்லாம் ஒரு நிமிஷம்தான் போல. அந்த ஆறு நாளும், எம்புள்ளைக்கு யாருமில்ல, என்னை எப்படியாச்சும் காப்பாத்திடுங்கன்னு நர்ஸுங்க கையப் புடிச்சுக் கேட்டாங்களாம். முடியல. நான் எங்கம்மாகிட்ட எல்லாத்தையும் சொன்னேன். எங்கம்மா என் வாயப் பொத்துனாங்க. போலீஸ் வந்து விசாரிக்கிற நேரம், இத இனி மூச்சு விடாதேன்னாங்க. லயத்துப் பொம்பளைங்க பழியப் புள்ளை மேல போட்டாங்க. வயசுக்கு வந்த பொண்ணு, வீட்டுல இருக்கிறத ஒளிச்சு வைக்கத் துப்பில்லையா, ஸ்கூலுக்குத் தூக்கிட்டுப் போய்ப் பவுசு காட்டினாளாமேன்னாங்க.

அத்தைய அடக்கம் பண்ணின மறுநாள் டீச்சர் வந்தாங்க. அந்த நீலக் காரு சேத்துல சிக்கி, மண்டோர் ஆளுங்க தள்ளிவிட்டாங்க. கையில ஆரஞ்சுப் பை. மூஞ்சி வீங்கியிருந்துச்சு, வழியெல்லாம் அழுதிருப்பாங்க. பொம்பளைங்ககிட்ட மெதுவாக் கேட்டாங்க.

"மருந்து குடிச்சவவோ?"

"ஆமாங்க டீச்சர். மருந்துதான் குடிச்சிட்டா."

"மருந்து குடிச்சும் இப்பிடியாச்சுதே" அப்படின்னு டீச்சர் தலையில கைய வச்சுக்கிட்டு உக்காந்தாங்க. பொம்பளைங்க ஒருத்தர ஒருத்தர் பாத்துக்கிட்டாங்க. படிச்சவங்க பேச்சு நமக்கு என்ன புரியும்னு விட்டுட்டாங்க. நான் தூணுக்குப் பக்கத்துல நின்னேன். டீச்சர் என்னைக் கிட்ட கூப்பிட்டு, அன்னிக்கே குடுத்தீரெல்லேன்னு கேட்டாங்க. குடுத்தேன் டீச்சர்னேன். என் தலையத் தடவினாங்க. அடுத்த வாரம் தனியாக் கூப்பிட்டு, சொன்ன சொல் தவறாத பிள்ளைன்னு ஒரு ஜியோமெட்ரி பெட்டி குடுத்தாங்க. கப்பல் படம் போட்டது. அதுல இருந்த பென்சில வச்சுத்தான் நான் பரீட்சை எழுதினேன். பாஸும் ஆனேன்.

அவ எழுதல. மாமாக்காரர் வந்து காம்பார் டவுனுக்குக் கூட்டிட்டுப் போயிட்டாரு. அங்க மீ கடையில தட்டு கழுவ விட்டாங்கன்னு கேள்விப்பட்டேன். ரொம்ப வருஷம் கழிச்சு ஒரே ஒரு தடவை அவள ஈப்போ பாசாருல பாத்தேன். அவ பேரனுக்குக் காய்ச்சல், ஊபாட் வாங்க வந்தேன்னா. வாய்க்கு வாய் மருந்த ஊபாட்டுன்னு மலாய்லயே சொன்னா. நாலு தடவை சொல்லியிருப்பா. நம்ம சொல்ல ஒரு தடவைகூட சொல்லல. பஸ்ஸுக்கு நேரமாச்சுன்னு வந்துட்டேன். அன்னிக்கும் ஓட்டந்தான்.

மானிட்டர், நீங்க நல்ல மனசோடதான் செஞ்சீங்க, அவ நம்பரத் தேடிப்புடிச்சு மூணு நாளைக்கு முன்ன குரூப்புல சேத்தீங்க. அவ வந்ததும் ஒரு கும்புடு போட்டா. அதுக்கு மேல ஒண்ணும் போடல. அவ வந்து நிக்கிற நேரத்துல அந்த அலமாரிப் படமும் அத்தனை சிரிக்கிற மூஞ்சியும். ஒங்களுக்கெல்லாம் நெசமாவே மறந்துபோச்சா? இல்ல, எல்லாரும் சேந்து மறந்துட்டா அது நடக்கவே இல்லன்னு ஆயிடுமா?

டீச்சருக்கு இது தெரிய வேணாம். எண்பத்தஞ்சு தாண்டிட்டாங்க. அவங்களுக்குத் தெரிஞ்ச தமிழ்ல அவங்க செஞ்சது சரி. ரெண்டு மருந்தும் தெரிஞ்சவங்க நாமதான். விழாவ நல்லா எடுங்க, மாலை போடுங்க, திறப்புக் கதையச் சொல்லுங்க. அந்த அட்டை விளையாட்டு மட்டும் வேணாம். கெஞ்சிக் கேக்கிறேன். நான் வரல. அன்னிக்குக் காம்பாருக்குப் போறேன். அவ கதவத் தொறந்தாலும் சரி, தொறக்காட்டியும் சரி.

இனி ஒங்கிட்ட. நீயும் இதப் படிச்சிக்கிட்டிருப்பே, நீல டிக் விழும், பாத்துக்கிட்டே இருப்பேன். சடக்குல நீ கேட்டதுக்கு நான் புள்ளியப் பத்திப் பேசினேன். எழுந்து நின்னு சொல்லியிருந்தா ஒரே ஒரு வரி. ராத்திரி பகல்னு எத்தனையோ தடவை வாய்க்குள்ள சொல்லிப் பாத்துட்டேன், ஒரு மூச்சு விடுற நேரம்கூட ஆகல.

"டீச்சர், அது புல்லுக்கு அடிக்கிற மருந்து."

எனக்கு அன்னிக்கே தெரியும்டி.